6 வாட்டா, 35 வாட்டா?

வீட்டுக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வேண்டும். விலை கையைக் கடிக்கக் கூடாது. நாள் முழுக்க ஓடினாலும் கரண்ட் பில் ஏறக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளோடு தேடக் கிளம்பினால், பெரும்பாலும் இரண்டு வகைப் பெட்டிகள் நம் முன்னால் வந்து நிற்கும். ஒன்று புதுசு. உள்ளங்கையில் அடங்குகிற டப்பா, உள்ளே இன்டெல் என்100 என்ற சிப். இன்னொன்று பழசு. லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்.பி. எலைட்டெஸ்க் மினி என்று பல பெயர்களில் வரும். ஏதோ ஓர் அலுவலகத்தில் சில வருடம் உழைத்துவிட்டு, மொத்தமாகக் கழிக்கப்பட்டு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களுக்கு வந்து சேர்ந்தவை. தடித்த புத்தகம் அளவுதான் இருக்கும்.

இரண்டின் விவரத் தாளையும் பார்க்கிறோம். புதுசில் 6 வாட் என்று இருக்கிறது. பழசில் 35 வாட். கேள்வியே முடிந்துவிட்டது போலத் தோன்றும். கொஞ்சம் பொறுப்போம், டீ ஆறினாலும் பரவாயில்லை. நிறையப் பேர் தப்புக் கணக்குப் போடுவது இந்த இடத்தில்தான்.

முதலில் அந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்க்கிறார்கள், ஆகவே 60 நாள் என்று வைத்துக்கொள்வோம். 35 வாட் பெட்டி இரவு பகலாக ஓடினால் 50 யூனிட் சொச்சம். 6 வாட் பெட்டி 9 யூனிட்கூட வராது. வித்தியாசம் ஏறக்குறைய 42 யூனிட். இது உண்மையாக இருந்தால், பழசை வாங்குவதில் அர்த்தமே இல்லை. ஆனால் இது உண்மை இல்லை, ஏனென்றால் அந்த 6-உம் 35-உம் மின்செலவைச் சொல்லும் எண்களே அல்ல.

அந்த எண்ணுக்கு டி.டி.பி. என்று பெயர். சிப் தொடர்ந்து வேலை செய்யும்போது எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளவேண்டியிருக்கும் என்று, ஃபேனையும் ஹீட் சிங்க்கையும் வடிவமைக்கிறவருக்குச் சிப் கம்பெனி கொடுக்கும் குறிப்பு அது. கல்யாண மண்டபத்துச் சமையல்கூடத்தின் புகைபோக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளில் எத்தனை அடுப்பு எரியும் என்று கணக்குப் பார்த்துத்தான் அதைக் கட்டியிருப்பார்கள். ஆடி மாதத்தில், வாட்ச்மேன் ஒருவர் மட்டும் டீ போட்டுக் குடிக்கிற நாளில் எவ்வளவு விறகு எரிந்தது என்று அந்தப் புகைபோக்கியின் அகலத்தை அளந்து சொல்ல முடியுமா? டி.டி.பி. என்பது புகைபோக்கியின் அகலம். நம் கரண்ட் பில்லுக்கு வேண்டியது விறகுக் கணக்கு.

இதற்கு அந்த இன்டெல் குடும்பத்திலேயே சாட்சி உண்டு. என்100 சிப்புக்கு என்95 என்று ஓர் உடன்பிறப்பு இருக்கிறது. இரண்டிலும் நான்கு கோர்கள், அதாவது கணக்குப் போடும் பகுதிகள். இரண்டின் உச்ச வேகமும் 3.4 கிகாஹெர்ட்ஸ். ஆனால் என்100-க்கு 6 வாட் என்றும் என்95-க்கு 15 வாட் என்றும் போட்டிருக்கிறார்கள். சும்மா இருக்கும்போது இரண்டும் இழுப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். பழைய பெட்டிகளிலும் இதே கதை. அவற்றில் வரும் இன்டெல் ஐ5-8500 என்றால் 65 வாட், கடைசியில் ‘டி’ சேர்ந்த ஐ5-8500டி என்றால் 35 வாட். வேறு வேறு சிப் என்று நினைத்துவிட வேண்டாம். அதே சிப்பின் அடிப்படை வேகத்தை 3 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.1-க்குக் குறைத்து, சின்னப் பெட்டிக்குள் வேகாமல் உட்காரும்படி செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடாப்டரில் 65 வாட் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்தும் சிலர் பயப்படுகிறார்கள். அது அடாப்டரால் அதிகபட்சம் கொடுக்க முடிந்த அளவு. பெட்டி 10 வாட் கேட்டால் அது 10 வாட்டும், மாற்றும்போது வீணாகிற கொஞ்சமும் மட்டுமே சுவரிலிருந்து எடுக்கும்.

அப்படியானால் உண்மையில் எவ்வளவு எடுக்கும்? வீட்டுக் கம்ப்யூட்டர் நாள் முழுக்க என்ன செய்கிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. நாம் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கிறோம் என்றால், திறக்கிற ஒரு நொடிதான் அதற்கு வேலை. படிக்கிற மூன்று நிமிடமும் அது காத்திருக்கிறது. ஓர் எழுத்தைத் தட்டி அடுத்த எழுத்தைத் தட்டுவதற்குள்கூட இன்றைய சிப்புகள் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிடும். வேலை இல்லாத கோருக்குத் துடிப்பை நிறுத்தி, மின்னழுத்தத்தைக் குறைத்து, முடிந்தால் மின்சாரத்தை முழுசாகவே வெட்டிவிடும். தேவைப்பட்டால் நமக்குத் தெரியாத வேகத்தில் எழுந்துகொள்ளும். 35 வாட் சிப்பும் இப்படித்தான் தூங்குகிறது. அது தூங்கிய பிறகு மிச்சம் விழித்திருப்பவை மதர்போர்டு, மெமரி, நெட்வொர்க் சிப், வட்டு, அடாப்டரின் இழப்பு. இவை புதுசிலும் பழசிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அதனால் சுவரில் அளந்தால், என்100 பெட்டி சும்மா இருக்கையில் பொதுவாக 6 முதல் 10 வாட் வரை காட்டும். எட்டாம் தலைமுறை ஐ5, அதாவது மேலே சொன்ன 8500டி போன்றது, போட்ட டைனி 8 முதல் 12. முழு வேலை கொடுத்தாலோ, 6 வாட் என்று பேர் வாங்கிய என்100 பெட்டியே சுவரிலிருந்து 20 வாட்டுக்கு மேல் இழுக்கும். பெட்டி செய்கிறவர்கள் வேகத்துக்காக வரம்பைத் தளர்த்தி வைத்திருப்பார்கள். பழைய ஐ5 அதைவிடவும் நிறைய இழுக்கும்தான். ஆனால் ஆறு கோர் இருப்பதால் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் படுத்துவிடும்.

இப்போது கணக்கை மறுபடி போடுவோம். 7 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் இடையே 3 வாட். இரவு பகலாக 60 நாளுக்கு 4.3 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் ஒரு பில்லுக்கு 26 ரூபாய், வருடத்துக்கு 156 ரூபாய். இந்தச் சேமிப்புக்காக 3,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், அந்தப் பணம் திரும்பி வர 19 வருடம் ஆகும். அதற்குள் பெட்டி பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

உண்மையான லாபம் வேறோர் இடத்தில் இருக்கிறது. மேசைக்குக் கீழே நிற்கும் பழைய பெரிய சி.பி.யூ. பெட்டியை நிறுத்துவதில்தான். அதில் 450 வாட்டுக்குச் செய்த பவர் சப்ளை இருக்கும். குறைந்த சுமையில் அது ஊதாரி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும், சுழலும் வட்டு இருக்கும், இரண்டு மூன்று ஃபேன் இருக்கும். எல்லாம் சேர்ந்து சும்மா இருக்கும்போதே 50 வாட் என்பது சாதாரணம். 60 நாளுக்கு 72 யூனிட். சின்னப் பெட்டிக்கு மாறினால் அதில் 57 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விகிதம் மாறிவிடுவதால், அந்த விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு இது இன்னும் கனமான விஷயம்.

ஆனால் இதெல்லாம் ஓயாமல் ஓடுகிற பெட்டிக்கு. பிள்ளைகள் பாடத்துக்கும் வீட்டுக் கணக்குக்கும் தினம் நாலு மணி நேரம் போட்டு அணைக்கிறோம் என்றால், அந்த 50 வாட் சி.பி.யூ.வே பில்லுக்குச் சுமார் 12 யூனிட்தான் சாப்பிடும். 24 அங்குல மானிட்டர் ஒன்றே 20 வாட் பக்கம் எடுக்கும். சின்னப் பெட்டியைவிட அதுதான் பெரிய தீனிக்காரர். பில்லைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், எழுபத்தைந்து வாட் பழைய சீலிங் ஃபேனை மாற்றி 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் போடுவது இதைவிட நல்ல முதலீடு. கம்ப்யூட்டர் வாங்க வந்தவரிடம் ஃபேன் வாங்கச் சொல்வது வேடிக்கைதான், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

வாட்டை ஓரமாக வைத்தாயிற்று. இனி எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? நாம் கொடுக்கப்போகிற வேலையைப் பார்த்து. அதில் வீடியோ முக்கியமானது. இணையத்தில் வீடியோ சுருக்கப்பட்டு வருகிறது. அதை விரிக்க சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கும். வருகிற சுருக்க முறை அந்தப் பகுதிக்குத் தெரிந்திருந்தால் வேலை சத்தமில்லாமல் நடக்கும். தெரியாவிட்டால் கோர்கள் உட்கார்ந்து விரிக்கவேண்டும். ஃபேன் இரையும், வாட் ஏறும். ஏவி1 என்ற புதிய முறை என்100-க்குத் தெரியும், எட்டாம் தலைமுறை ஐ5-க்குத் தெரியாது. அதற்கு முந்தைய விபி9, எச்இவிசி இரண்டும் எட்டாம் தலைமுறைக்கும் நன்றாகத் தெரியும். ஆகவே டிவிக்குப் பின்னால் ஒட்டிவைத்துப் படம் பார்க்க மட்டும் என்றால் என் ஓட்டு என்100-க்கு.

பல வேலை ஒன்றாக என்றால் பழைய ஐ5. நாற்பது டேப் திறந்து வைப்பவர், குடும்பப் போட்டோக்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க நினைப்பவர், புரோகிராம் எழுதிப் பழகும் கல்லூரிப் பிள்ளை, இவர்களுக்கு ஆறு கோர் கைகொடுக்கும். ஆனால் தலைமுறையைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏற்கும். ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5-6500டி, ஐ5-7500டி போட்ட பெட்டிகள் திடீரென்று மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இதுதான். லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயார் என்றால் அவையும் நல்ல பேரம்.

ராஸ்பெர்ரி பை வாங்கலாமே என்று கேட்பீர்கள். 2012-இல் 35 டாலருக்கு வந்தபோது அது அதிசயம்தான். இன்றும் மின்சாரத்தில் அதை மிஞ்சுவது கடினம். சென்சார், மோட்டார் என்று மாட்டி விளையாட அதைவிட நல்ல பலகை இல்லை. ஆனால் மேசைக் கம்ப்யூட்டராக வேண்டும் என்றால் அடாப்டர், டப்பா, குளிரூட்டி, எஸ்.எஸ்.டி. எல்லாம் தனித்தனியே வாங்கிக் கூட்டிப் பாருங்கள். விலை மினி பெட்டியின் பக்கத்தில் வந்து நிற்கும். சிப் குடும்பமும் வேறு என்பதால், நமக்குப் பழகிய விண்டோஸ் அதில் வழக்கமான முறையில் ஏறாது.

மெமரியில் 8 ஜிபி போதும், 16 இருந்தால் நிம்மதி. புதுப் பெட்டிகள் பலவற்றில் மெமரி போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். 2025 கடைசியிலிருந்து மெமரி விலை ஏறிப்போனதால், 16 ஜிபி ஏற்கெனவே மாட்டியிருக்கும் பழைய பெட்டிக்கு மவுசு கூடியிருக்கிறது. வட்டு எஸ்.எஸ்.டி.யாக இருக்கட்டும். இஎம்எம்சி என்று போட்டிருந்தால் தவிர்ப்பது நல்லது; அது வேகம் குறைந்த ரகம், போர்டோடு ஒட்டியும் இருக்கும்.

செகண்ட் ஹேண்ட் பெட்டியைக் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் ஏறும் முன்பே ஓடும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போக பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய அலுவலகம் பூட்டிய பூட்டு அது, திறப்பது தலைவலி. அடாப்டர் ஒரிஜினலா என்றும் பாருங்கள். டெல் பெட்டிகள் அடாப்டரை அடையாளம் பார்க்கும். தெரியாத அடாப்டர் என்றால் எச்சரித்துவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஓயாமல் ஓடவேண்டிய பெட்டி என்றால், பயாஸில் ‘கரண்ட் திரும்பியதும் தானே ஆன் ஆகு’ என்ற பொருளில் ஓர் அமைப்பு இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் யூ.பி.எஸ். மோடு, நார்மல் மோடு என்று இரண்டு இருந்தால் யூ.பி.எஸ். பக்கம் தள்ளுங்கள், நார்மலில் மாறுகிற இடைவெளி கூடுதல், அதற்குள் பெட்டி அணைந்துவிடலாம். பிறகு ஒரு சின்ன வாட் மீட்டரைச் சுவர் சாக்கெட்டில் சொருகி, பெட்டியைப் பத்து நிமிடம் சும்மா விட்டுப் பாருங்கள். 10 பக்கம் நின்றால் சரி. 20-ஐத் தாண்டினால் சிப்பைத் திட்டாதீர்கள்; யூ.எஸ்.பி.யில் தொங்குகிறவற்றைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.