நான்காவது இரவில் ஓடும் எலி

1920களின் தொடக்கம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், வாங் என்ற சீன ஆய்வாளர் வெள்ளை எலிகளின் ஓட்டத்தைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். எலி ஏறி ஓடுவதற்கு ஒரு சக்கரம், அது எத்தனை சுற்று சுற்றியது என்று காட்டும் ஒரு கருவி. நாள்தோறும் அந்த எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். குறித்துக்கொண்டே வந்தபோது பெண் எலிகளின் கணக்கில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. மூன்று நாள் எண்ணிக்கை தணிந்து கிடக்கும், நான்காம் நாள் திடுமென எகிறும். மறுபடி தணியும், மறுபடி நான்காம் நாள் எகிறும். சூலகத்தை எடுத்துவிட்ட எலிகளிடம் இந்த அலை அடங்கிப்போனது. 1923இல் வாங் இதை வெளியிட்டார்.

நூறாண்டுக்கு முந்தைய அந்தக் குறிப்பு, ‘வீட்டில் வளர்க்க ஆண் எலி வாங்கலாமா, பெண் எலி வாங்கலாமா?’ என்று கேட்கும் குடும்பங்களுக்கு இன்றைக்கும் உதவுகிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எலி வளர்க்க முடிவெடுத்த வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுதான். நம் ஊரிலும் செல்லப்பிராணிக் கடைகளில் வெள்ளை எலிகளைப் பார்க்கும் பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எந்த எலியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் ஓட்டுக்கூரையிலும் பரணிலும் ஓடுவது பெரும்பாலும் வீட்டெலி; வாழைத்தோப்பையும் சாக்கடையோரத்தையும் குடைவது பெருச்சாளி. வளர்ப்பு எலி இரண்டுமில்லை. அது பழுப்பு எலி என்ற வேறோர் இனத்தின் வழி வந்தது. நார்வே நாட்டுக் கப்பல்களில் வந்து இறங்கியது என்று நம்பி 1769இல் அதற்கு நார்வேயின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். உண்மையில் அதன் பூர்வீகம் ஆசியா. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் ஜாக் பிளாக் என்றொரு எலி பிடிப்பவர் இருந்தார். விக்டோரியா ராணிக்கே எலி பிடித்துக் கொடுப்பவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். வலையில் வெள்ளை, கறுப்பு என்று நிறம் மாறிய எலி சிக்கினால் அதைக் கொல்லாமல் வைத்து இனம் பெருக்கி, செல்லமாக வளர்க்க விற்றார். 1901இல் மேரி டக்ளஸ் என்ற பெண்மணி தன் எலிகளை இங்கிலாந்தின் எய்ல்ஸ்பரி ஊரில் நடந்த சுண்டெலிக் கண்காட்சிக்குக் கொண்டுபோய்ப் பரிசும் வாங்கினார். இன்று கூண்டில் இருக்கும் எலிக்குப் பின்னால் இப்படி மனிதர் கையிலேயே பிறந்து வளர்ந்த பல நூறு தலைமுறைகள் இருக்கின்றன. ஆகவே வீட்டில் பொறிவைத்துப் பிடித்த எலியைப் பழக்கிவிடலாம் என்று யாரும் இறங்க வேண்டாம். கடியும் எலிக்காய்ச்சலும்தான் மிஞ்சும்.

இனி கேள்விக்கு வருவோம்.

மாலையில் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டால் வித்தியாசம் கண்ணெதிரே நடக்கும். பெண் எலி கதவருகே ஒரு நொடிகூட நிற்காது. சோபாவின் முதுகில் ஏறி, திரைச்சீலையைப் பற்றி, புத்தக அடுக்கின் பின்னால் மறைந்து, நீங்கள் தேடத் தொடங்கும்போது உங்கள் தோளில் வந்து நிற்கும். கையில் எடுத்தால் மறுகைக்குத் தாவும். காகிதக் கைக்குட்டை கிடைத்தால் வாயில் கவ்விக்கொண்டு கூண்டின் மூலைக்கு ஓடும், திரும்பிவந்து இன்னொன்றைக் கவ்வும். திறந்த வெளியில் விட்டுத் தூரத்தை அளந்த ஆய்வுகளிலும் பெண் எலிகளே கூடுதல் தூரம் அலைகின்றன.

ஆண் எலியும் குட்டியில் இதே துள்ளல்தான் துள்ளும். சொல்லப்போனால் பிறந்து ஐந்தாறு வாரத்தில் உருண்டு புரண்டு விளையாட்டுச் சண்டை போடுவதில் ஆண் குட்டிகள்தான் முந்தி. ஆனால் ஆறேழு மாதத்தில் உடம்பு போட்டுவிடும். பெண் எலி 300 கிராமை ஒட்டி நின்றுவிட, ஆண் எலி 500 கிராமைத் தொடும், தாண்டியும் போகும். அரைக் கிலோ எடையுள்ள ஓர் உயிர் மடியில் வந்து படுத்து, காதின் பின்னால் சொறியச் சொல்லித் தலையை நீட்டும். சொறியச் சொறிய மேல்பற்களையும் கீழ்ப்பற்களையும் மெல்ல அரைக்கும். அரைக்கும் வேகம் கூடும்போது கண்விழிகள் வெளியே வந்து வந்து உள்ளே போகும். முதல்முறை பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். தாடையை அசைக்கும் தசை கண்குழியின் பின்பக்கமாகச் செல்வதால் நேர்வது அது. பெரும்பாலும் எலி சுகத்தில் இருக்கிறது என்று பொருள். பெண் எலியும் இதைச் செய்யும். அதற்கு அவ்வளவு நேரம் ஓரிடத்தில் இருக்கப் பொறுமை இருப்பதில்லை.

இந்த வேறுபாட்டில் சுரப்பிகளின் பங்கு பெரிது. ஆனால் எல்லாமே ரத்தத்தில் வந்துவிடுவதில்லை என்று காட்டியவர் செலியா மூர் என்ற அமெரிக்க ஆய்வாளர். தாய் எலி குட்டிகளை நக்கிக்கொடுக்கும்போது ஆண் குட்டிகளையே கூடுதலாக நக்குகிறது என்பதை அவர் கவனித்தார். ஆண் குட்டியின் வாசனை தாயை இழுக்கிறது. அப்படி நக்கிக்கொடுப்பது குறைந்துபோன ஆண் குட்டிகள் வளர்ந்தபின் இணைசேரும் விதமே சற்று மாறிவிடுகிறது. ஆண் எலியை ஆண் எலியாக ஆக்குவதில் தாயின் நாக்குக்கும் பங்கு உண்டு என்பதைப் படித்தபோது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

வாங் கண்ட நான்காம் நாளுக்குத் திரும்புகிறேன். பெண் எலி நான்கு அல்லது ஐந்து நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். மாட்டுக்குச் சொல்வோமே, அதே பருவம்தான். அன்று இரவு ஓரிடத்தில் நிற்காது. முதுகில் கைவைத்தால் இடுப்பைத் தூக்கி முதுகை வளைக்கும். காதுகள் சிறகுபோல நடுங்கும். குழந்தைகள் காய்ச்சலோ வலிப்போ என்று பதறுவார்கள். விடிந்தால் எலி பழையபடி இருக்கும்.

இந்தச் சுழற்சியால் அறிவியலுக்கே ஒரு பெரிய கோணல் நேர்ந்தது. நாலு நாளுக்கு ஒருமுறை மாறும் விலங்கை வைத்து ஆராய்ந்தால் கணக்கு குழம்பும் என்று நினைத்து ஆய்வுக்கூடங்கள் பெண் எலிகளை ஒதுக்கிவிட்டன. 2009இல் வெளியான விலங்கு ஆய்வுகளை அன்னலீஸ் பீரி, இர்விங் ஸக்கர் இருவரும் எண்ணிப் பார்த்தார்கள். நரம்பியலில், பெண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு ஒன்றுக்கு ஆண்களை மட்டும் வைத்துச் செய்தவை ஐந்தரை என்ற விகிதத்தில் இருந்தன. அந்த அச்சம் நியாயமானதுதானா என்று 2016இல் ஜில் பெக்கர் குழுவினர் பழைய ஆய்வுகளின் எண்களை எடுத்துச் சோதித்தபோது, பெண் எலிகள் ஆண் எலிகளைவிடக் கூடுதலாக மாறுபடவில்லை என்று தெரிந்தது. தனக்கென ஒரு சுழற்சி இல்லாத ஆண் எலிகளும் ஒன்றுக்கொன்று அதே அளவு வேறுபட்டு நின்றன. ஆகவே ‘பெண் எலிக்கு மனசு நிலையாக இருக்காது’ என்று கடைக்காரர் யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். ஓட்டம் கூடும், குணம் கெடாது.

பாசம்? சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2011இல் பெகி மேசன் குழுவினர் செய்த சோதனையைச் சொல்கிறேன். கூண்டுத் தோழனை ஒரு குறுகிய குழாய்க்குள் அடைத்துவைத்து, வெளியிலிருக்கும் எலி என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். நாளாக நாளாகக் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டு தோழனை விடுவித்தன பல எலிகள். சாக்லேட் துண்டுகளை இன்னொரு குழாயில் வைத்தபோதுகூட, தோழனையும் திறந்துவிட்டு, சாக்லேட்டில் பங்கும் விட்டுவைத்தன. பெண்கள் ஆறில் ஆறும் கதவைத் திறந்தன. ஆண்கள் 24இல் 17. ஆறு எலிகளை வைத்துப் பெண் இனமே உயர்ந்தது என்று தீர்ப்பெழுத முடியாது. இரண்டு பாலிலும் பெரும்பாலான எலிகள் தோழனை விட்டுவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒற்றை எலியை வாங்கித் தனிமையில் வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பதும் இதிலிருந்தே விளங்கும். பகல் முழுக்கப் பள்ளிக்கும் வேலைக்கும் போய்விடும் குடும்பம், இன்னோர் எலி தரும் துணையைத் தர முடியாது.

எலி சாதுவாக இருப்பதைப் பாலைவிடப் பிறப்பு கூடுதலாகத் தீர்மானிக்கிறது. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில், நரிகளைச் சாதுவாக்கிப் புகழ்பெற்ற பெல்யாயெவின் ஆய்வுநிலையத்தில், 1970களில் எலிகளையும் எடுத்துக்கொண்டார்கள். காட்டுப் பழுப்பு எலிகளைப் பிடித்து, கையைக் கண்டு ஒதுங்காதவற்றை ஒரு வழியாகவும், சீறிப் பாய்பவற்றை இன்னொரு வழியாகவும் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வளர்த்தார்கள். ஒரு வழியில் வந்தவை இன்று கையில் தூங்குகின்றன. மற்றதில் வந்தவை கம்பியை நோக்கிப் பாய்கின்றன. எலி வாங்கப் போகிறவர் ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன், ‘இதன் தாயைத் தூக்கிப் பார்க்கலாமா?’ என்று கேட்க வேண்டும் என்பேன். தாய் கையில் நிம்மதியாக உட்கார்ந்தால் குட்டிகள் மீது நம்பிக்கை வைக்கலாம்.

பால் நிச்சயமாகத் தீர்மானிக்கும் விஷயங்களும் உண்டு. நோய் அதில் முதலாவது. பெண் எலிக்குப் பன்னிரண்டு காம்புகள். பால் சுரக்கும் திசு வயிற்றோடு நிற்பதில்லை. கழுத்திலிருந்து தொடையிடுக்கு வரை, பக்கவாட்டில் தோள் வரை பரவியிருக்கிறது. ஒன்றரை வயதைத் தாண்டிய பெண் எலியைத் தடவும்போது தோலுக்கடியில் கோலிக்குண்டுபோல ஒன்று உருளுவது மிகச் சாதாரணம். பெரும்பாலும் புற்றாக மாறாத கட்டிதான். ஆனால் விட்டுவைத்தால் எலியின் தலையைவிடப் பெரிதாக வளர்ந்து நடக்கவிடாது. வெட்டி எடுத்தாலும் வேறோர் இடத்தில் முளைக்கும். மூன்று மாத வயதுவாக்கில் சூலகத்தை அகற்றிவிட்டால் இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டியும் பெண்களிடம்தான் அதிகம். ஆண் எலிக்கு முதுமையில் சிறுநீரகம் பழுதாவது அதிகம்.

ஆண் எலியிடம் வேறு தொல்லை உண்டு. நடக்கும் வழியெல்லாம் துளித்துளியாக மூத்திரம் விட்டு அடையாளம் வைக்கும். பெண்ணும் வைக்கும், ஆனால் குறைவு. ஆணின் முதுகுத்தோலில் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய்ப் பிசுக்குப் படியும், முடி முரடாகும், ஒரு கனத்த வாடை இருக்கும். சில ஆண்கள் ஐந்தாறு மாதத்துக்கு மேல் முடியைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டாளிகளை விரட்டத் தொடங்கும். காயடித்தால் சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எலியால் வரும் ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணம் அதன் மூத்திரத்தில் உள்ள ஒரு புரதம். வயதுவந்த ஆண் எலியின் கல்லீரல் அதை ஏராளமாகச் செய்து தள்ளுகிறது. பெண் எலியிடம் அது மிகக் கொஞ்சம். இழுப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் எலியே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மருத்துவரைக் கேட்டபின் வாங்கியே தீர்வது என்றால், பெண் எலிகளைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டும் சேர்ந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஐந்து வாரத்திலேயே எலிகள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடலாம். சினைக்காலம் 22 நாள். ஓர் ஈற்றில் எட்டுப் பத்துக் குட்டிகள். ஈன்ற ஒரு நாளுக்குள் தாய் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் கலந்திருந்த கடையில் வாங்கிய ‘ஒற்றைப் பெண் எலி’, வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் பத்துக் குட்டிகளோடு இருப்பது அடிக்கடி நடப்பதுதான்.

என்னைக் கேட்டால், மடியில் வைத்துக் கொஞ்ச ஆசைப்படும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இரண்டு ஆண் எலிகள். வேடிக்கை பார்க்கவும், ஏணி கட்டவும், வித்தை சொல்லிக்கொடுக்கவும் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இரண்டு பெண் எலிகள். கூண்டுக் கம்பிகளுக்கிடையே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் மெலிந்த பெண் எலி நழுவிவிடும், அதைப் பார்த்து வாங்குங்கள். எலிக்கு நம்மைப்போல வியர்க்காது, பெருமளவு வாலின் வழியாகவே சூட்டை வெளியேற்றும். நம் சித்திரை வெயிலில் குளிர்ச்சியான அறை கொடுக்க முடியாத வீடும், சிறுவிலங்குகளுக்கு அறுவை செய்யத் தெரிந்த கால்நடை மருத்துவர் அருகில் இல்லாத ஊரும் எந்த எலியையும் வாங்க வேண்டாம். ஆயுள் இரண்டிலிருந்து மூன்று ஆண்டுதான் என்பதைப் பிள்ளையிடம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒவ்வோர் எலியையும் தூக்கி வாலின் அடியைப் பாருங்கள். மூத்திரத் துவாரத்துக்கும் மலத் துவாரத்துக்கும் இடையே தூரம் அதிகமென்றால் ஆண். நாலு வாரமானால் விதைப்பையே தெரியும். நெருக்கமாக இருந்து, வயிற்றில் காம்புகள் வரிசையாகத் தெரிந்தால் பெண். இரண்டும் ஒரே பால்தான் என்பது உங்கள் கண்ணுக்கே உறுதியான பிறகு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.