அடுக்குமாடி வீட்டில் ஒரு வேட்டைக்காரன்

மாதாப்பூரில் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இப்போது பூனை ஒன்று இருக்கிறது. ஊரில் இருந்தவரை பூனை 'வளர்ப்பது' என்ற பேச்சே கிடையாது. அது வீட்டில் இருக்கும், அவ்வளவுதான். ஓட்டின் மேல் திரியும், வைக்கோல் போரில் குட்டி போடும், அடுக்களையில் எலி பிடிக்கும், மீன் வாங்கினால் வாசலில் வந்து உட்காரும். இங்கே பன்னிரண்டாவது மாடியில் அதே பூனை பகல் முழுக்கச் சோபாவில் கிடக்கிறது. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து நம் காலைக் கடிக்கிறது. அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்தவருக்கு எப்படி இருக்கும்! "இதுக்கு என்ன சார் பண்றது?" என்று சங்கக் கூட்டங்களில் என்னைக் கேட்காதவர் குறைவு. நான் கால்நடை மருத்துவம் படித்தவனல்ல. பதினைந்து ஆண்டுகளாகப் பூனைகளோடு மாடிவீட்டில் குடியிருப்பவன். அவற்றைப் பற்றி எழுதப்பட்டதைத் தேடிப் படிப்பவன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

(தெலுங்கில் பூனைக்குப் 'பில்லி' என்று பெயர். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் மாமியார், வீட்டு வேலைக்கு வரும் அம்மா 'பில்லி, பில்லி' என்று சொல்வதைக் கேட்டு, யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று இரண்டு நாள் தூங்கவில்லை. அது தனிக் கதை.)

நம் முன்னோர் பூனையை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். வெருகு என்னும் காட்டுப் பூனையின் இளமைப் பெயர் குட்டி என்று தொல்காப்பிய மரபியல் வகுத்துச் சொல்கிறது. கீரிக்கும் எலிக்கும் அணிலுக்கும் அதே பெயர்தான். குறுந்தொகையின் 107-ஆம் பாட்டில், தலைவனோடு துயிலும் தலைவியைச் சேவல் கூவி எழுப்பிவிடுகிறது. வீட்டெலிக்காக நள்ளிரவில் பார்த்துக் காத்திருக்கும் வெருகுக் குட்டிக்கு நீ இரையாகிப் போ என்று அவள் சேவலைச் சபிக்கிறாள். புலவர் அந்தக் குட்டியை ஓட விடவில்லை, பாயவும் விடவில்லை, பார்க்க விட்டிருக்கிறார். பூனையின் வேட்டையில் பெரும்பகுதி இந்தப் பார்ப்பதுதான். பிறகுதான் பதுங்கல், துரத்தல், பிடித்தல், கடித்தல், தின்னல். தின்றபின் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு தூங்கும்.

இதில் ஒரு கணக்கும் உண்டு. ஒரு சுண்டெலியில் சுமார் 30 கிலோ கலோரி. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளைக்கு 200-க்கு மேல் வேண்டும். ஆக ஏழெட்டு எலி. பாய்ந்த பாய்ச்சல் எல்லாம் பலிப்பதில்லை என்பதால் அதைவிடப் பல மடங்கு முயற்சி. நாமோ காலையில் ஒரு கிண்ணம் தீனியைக் கொட்டிவிட்டு அலுவலகம் போகிறோம். நாள் முழுக்கச் செய்யவேண்டிய வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்துபோகிறது. மிச்ச நேரத்துக்கு அது என்ன செய்யும்? தூங்கும், தின்னும், பருக்கும், இல்லாவிட்டால் நம் காலை வேட்டையாடும்.

விளையாட்டு வேட்டைக்கு ஈடாகுமா என்று கேட்கலாம். முழுதும் ஆகாது, ஓரளவு ஆகும். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் வெளியே திரியும் 355 பூனைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2021-இல் வெளியிட்டார்கள். நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிஷம் வீட்டுக்காரர் விளையாட்டுக் காட்டிய பூனைகள் வேட்டையாடி வீட்டுக்குக் கொண்டுவந்த பிராணிகளின் எண்ணிக்கை கால்பங்கு குறைந்தது. பத்து நிமிஷம் நம்மால் முடியாத காரியமா?

ஆனால் விளையாட்டு வேட்டையின் வடிவில் இருக்கவேண்டும். பலர் பொம்மையைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டுகிறார்கள். எந்த எலி தானாக வந்து வாயில் விழும்? அதோடு, ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது பூனையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. நான் செய்வது இது: நீளமான மூங்கில் குச்சியின் நுனியில் பழைய பருத்தித் துணிக் கிழிசலை இறுக முடிந்து, தரையோடு தரையாகப் பூனையை விட்டு விலகிப் போகும்படி இழுப்பேன். நாற்காலிக் காலுக்குப் பின்னே ஒளித்து, சற்று நிறுத்தி, செய்தித்தாளுக்கு அடியில் சரசரக்க விடுவேன். பூனை அசையாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் 'விளையாடவில்லை' என்று விட்டுவிடக் கூடாது. அதுவும் விளையாட்டுத்தான். பின்புறத்தை ஆட்டிக் குறிபார்த்துப் பாயும். நாலைந்து தடவைக்கு ஒரு தடவையாவது பிடிக்க விடவேண்டும். கடைசியில் நன்றாகக் கடித்து உதைக்க விட்டு, உடனே தீனி வைக்கவேண்டும். சிவப்பு ஒளிப்புள்ளி காட்டும் லேசர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பிடிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. கையையே பொம்மையாகக் காட்டுவது வேண்டவே வேண்டாம். நாளைக்கு அது குழந்தையின் கையைப் பிடிக்கும்.

தீனிக்கு முன் விளையாட்டு என்பதற்கும் காரணம் உண்டு. பசித்த பூனை மும்முரமாக விளையாடுகிறது என்பதை சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்து ஜான் பிராட்ஷாவும் சாரா ஹாலும் 1998-இல் காட்டினார்கள். ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சலித்துப்போகிறது, வேறு பொம்மை வந்தால் மறுபடி உற்சாகம் வருகிறது என்பது 2002-இல் வந்த அவர்களது இன்னொரு ஆய்வு. ஆகவே கடையில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய எலிப் பொம்மையை மூலையில் போட்டுவைத்து, "எங்க பூனைக்கு விளையாட்டே பிடிக்கல" என்று சொல்வதில் அர்த்தமில்லை. நாலு பொம்மை போதும், மாற்றி மாற்றி எடுங்கள். படுக்கப் போகுமுன் பத்து நிமிஷ வேட்டையும் கொஞ்சம் தீனியும் கொடுத்தால், விடிகாலைக் கடி ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் குறைகிறது.

நாம் வீட்டில் இல்லாத நேரத்துக்குப் பழைய இட்லித் தட்டு போல் உதவுவது வேறில்லை. குழிக்கு நாலு தீனி போட்டு மேலே கசக்கிய காகிதத்தை அடைத்துவிட்டால், நோண்டி எடுக்க அதற்கு அரைமணி ஆகும். கூரியரில் வரும் அட்டைப்பெட்டியையும் உடனே எறியாதீர்கள். ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த காப்பகப் பூனைகளுக்குப் புது இடத்தின் பதற்றம் சீக்கிரம் தணிந்தது என்பதை நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2014-இல் கண்டிருக்கிறார்கள்.

மேல்நாட்டில் 'கேட்னிப்' என்ற செடியைப் பொம்மைக்குள் வைத்துத் தருவார்கள். இங்கே அதை விலைகொடுத்து வாங்குபவர்களுக்கு ஒரு சேதி. நம் குப்பைமேனிக்கு இன்னொரு பெயர் பூனைவணங்கி! கேட்னிப் துளசிக் குடும்பம், குப்பைமேனி ஆமணக்குக் குடும்பம், உறவே கிடையாது. ஆனாலும் குப்பைமேனியின் வேரைக் கண்டால் பூனை முகத்தைத் தேய்த்து, புரண்டு, வணங்குவது போலக் கிடக்கும். அந்த வேரில், கேட்னிப்பில் உள்ள நெபெட்டாலாக்டோனுக்கு நெருங்கிய சேர்மங்கள் இருப்பதை 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். பெயர் வைத்த நம்மவர்களுக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. மாதாப்பூரின் காலி மனைகளிலும் இது முளைக்கிறது. மருந்து தெளிக்காத இடத்துச் செடியாகப் பார்த்து, வேரைக் கழுவி, துணியில் முடிந்து, முகர்ந்து புரள மட்டும் கொடுங்கள், தின்ன விடவேண்டாம். குட்டிகளுக்கு இதில் நாட்டம் இராது. எல்லாப் பெரிய பூனைகளும் மயங்கும் என்பதுமில்லை.

பால்கனிதான் எனக்குப் பெரிய கவலை. ஹைதராபாத்தில் புறாவுக்குக் குறைவில்லை. பூனைக்கு அதைவிட நல்ல தொலைக்காட்சி கிடையாது. ஆனால் வேட்டைக்கு வழியில்லாத பூனை புறாவைக் கண்டால் மாடி என்றும் பாராமல் பாயும். 1987-இல் நியூயார்க் மருத்துவர்கள் இருவர், மாடியிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்ததாக எழுதினார்கள். 'பூனைக்கு ஒன்றும் ஆகாது' என்று சொல்ல இதைக் காட்டுவார்கள். விழுந்த இடத்திலேயே செத்ததை யார் மருத்துவமனைக்குத் தூக்கிப் போவார்? புறாவுக்குக் கட்டும் நைலான் வலையைப் பூனை பல்லால் அறுத்துவிடும், கம்பிவலையே போடுங்கள்.

இன்னொன்று, சோம்பலும் மன இறுக்கமும் உள்ள வீட்டுப் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பைக் கோளாறு அதிகம். ஆண் பூனை மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து, சிறுநீர் வராமல் முனகினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அடைப்பு ஓரிரு நாளில் உயிரைக் குடிக்கும்.

பொங்கலுக்கு நாம் ஊருக்குப் போகும்போதுதான் இங்கே சங்கராந்திப் பட்டம் பறக்கிறது. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சாவைத் தடைசெய்து பல ஆண்டுகளாகியும் அறுந்த நூல் பால்கனிகளில் வந்து விழாமல் இல்லை. மாஞ்சா, பூத்தொடுக்கும் நூல், ரப்பர் வளையம் எதுவானாலும் பூனையின் குடலுக்குள் போனால் அறுவை சிகிச்சையில்தான் முடியும். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கும்போது தீனி டப்பாவோடு அந்த மூங்கில் குச்சியையும் கொடுத்து, முதலில் பால்கனியைப் பார்த்துவிட்டு, பத்து நிமிஷம் விளையாட்டுக் காட்டி, பிறகு தீனி வைக்கச் சொல்லுங்கள். விளையாட்டு முடிந்ததும் குச்சியை அலமாரியில் வைத்துப் பூட்டவும் சொல்லுங்கள்.