ஜவ்வரிசி காட்டும் வழி
கிராமத் தொழிலும் அரசின் துணையும்

கிராமத்தில் பிறந்த இளைஞன் பிழைப்பை நாடி நகரத்திற்குச் செல்வதை நாம் அன்றாடம் காண்கிறோம். நிலம் சிறிது, மழை நிச்சயமில்லை, கற்ற கல்விக்கு ஊரில் வேலை இல்லை. இந்நிலை மாற வேண்டுமாயின் ஊரிலேயே தொழில்கள் பெருக வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், ஒரு தொழில் எவ்வாறு தோன்றுகிறது? எதனால் நிலைக்கிறது? அதில் தனி மனிதன் செய்ய வேண்டியது எது, அரசு செய்ய வேண்டியது எது? இவ்வினாக்களுக்கு விடை காண, சேலம் வட்டாரத்தின் ஜவ்வரிசித் தொழிலைச் சற்று ஆராய்வது பயன் தரும்.

போர்க்காலத்தில் பிறந்த தொழில்

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு நம் நாட்டு மக்கள் உண்ட ஜவ்வரிசி பெரும்பாலும் மலேயா, சிங்கப்பூர் முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. அங்கே அது ஒரு வகைப் பனை மரத்தின் சோற்றிலிருந்து செய்யப்பட்டது. 1942ஆம் ஆண்டில் அந்நாடுகள் ஜப்பானியர் வசமாயின. இறக்குமதி நின்றது. ஜவ்வரிசியும் மாவும் கிடைப்பது அரிதாயிற்று.

வணிகத்தின் பொருட்டுக் கேரளத்திற்குச் சென்று வந்த சேலம் மாணிக்கம் செட்டியார், அங்கே விளைந்த மரவள்ளிக் கிழங்கின் மாவைக் கண்டு, அதனைச் சேலத்திலேயே செய்ய முற்பட்டார். மலேயாவில் ஜவ்வரிசி செய்யும் முறையை அறிந்திருந்த போபட்லால் ஷா என்பவர் அவருடன் சேர்ந்தார். 1943ஆம் ஆண்டையொட்டிச் சேலத்தில் இத்தொழில் தொடங்கியது. பனை மரத்திற்குப் பதிலாகக் கிழங்கு. கப்பலுக்குப் பதிலாகக் கட்டை வண்டி. புதுமை என்பது ஆராய்ச்சிக் கூடத்தில் மட்டுமே பிறப்பதன்று. கையிலுள்ள பொருளைப் புதிய தேவைக்குப் பயன்படுத்துவதும் புதுமையே.

செய்முறையை வாசகர்கள் அறிந்து கொள்வது நன்று. கிழங்கைத் தோல் நீக்கிக் கழுவி அரைப்பர். அரைத்ததைச் சலித்தெடுத்த பாலைத் தொட்டியில் தெளிய வைப்பர். அடியில் படியும் ஈர மாவை உருட்டி மணிகளாக்கி, ஒரே அளவாகச் சலித்து, சூடான தட்டில் வறுத்து, வெயிலில் உலர்த்துவர். தொடக்கத்தில் மாவைத் துணியிலிட்டு ஆட்டியே மணி திரட்டினர். பின்னர் அதற்கு இயந்திரங்கள் வந்தன. எஞ்சும் திப்பி கால்நடைத் தீவனமாயிற்று. இவ்வாறு ஒரு கிழங்கு உழவருக்கும், வெட்டும் ஆட்களுக்கும், வண்டிக்காரருக்கும், ஆலைத் தொழிலாளிக்கும், இயந்திரம் பழுது பார்ப்பவருக்கும் வேலை தந்தது. சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரங்களில் ஆலைகள் பெருகின.

இடையில் நின்ற தடை

தொழில் பெருகியதும் புதிய துன்பமும் தோன்றியது. மரவள்ளிக் கிழங்கு வெட்டிய சில நாட்களுக்குள் கெட்டுவிடும். ஆகவே உழவர் அதனை வைத்திருந்து விற்க இயலாது. ஆலை உரிமையாளரும் கிழங்குக்கு உடனே பணம் தர வேண்டும். ஆனால் ஜவ்வரிசியை வாங்கும் சந்தையோ மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் போன்ற தொலை மாநிலங்களில் இருந்தது. அங்கே விரத நாட்களில் ஜவ்வரிசிக் கிச்சடி பெரிதும் உண்ணப்படுகிறது. சரக்கை வைக்கக் கிடங்கு இல்லை, கைப்பணமும் இல்லை. எனவே இடைத்தரகர் கூறியதே விலையாயிற்று. ஆலைக்கு விலை குறைந்தால் அது உழவர் தலையிலேயே விடிந்தது. இத்தடையை எந்தத் தனி ஆலை உரிமையாளரும் தம் முயற்சியால் மட்டும் நீக்கியிருக்க முடியாது.

இங்கேதான் அரசின் துணை தேவைப்பட்டது. 1981ஆம் ஆண்டில் தொழில் வணிகத் துறையின் மேற்பார்வையில் சேலத்தில் ஸ்டார்ச், ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்கென ஒரு தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. 'சேகோசர்வ்' என்பது அதன் வழக்குப் பெயர். உறுப்பினர் தம் சரக்கைச் சங்கத்தின் கிடங்கில் வைக்கலாம். அதன் பேரில் முன்பணம் பெறலாம். மாதிரி எடுத்துத் தரம் பார்க்கப்படும். வணிகர்கள் ஒருவர் கேட்ட விலையை மற்றவர் அறியாத வகையில் டெண்டர் அளிப்பர். சங்கம் உறுப்பினருக்குத் தொழில் கற்றுத் தரவில்லை. அதனை அவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். பொறுத்திருந்து விற்கும் வலிமையையே அது தந்தது.

இத்துடன் குறைகள் யாவும் தீர்ந்துவிட்டன என்று கூறுவதற்கில்லை. சங்கத்திற்கு வெளியே விற்பவர் உண்டு. மக்காச்சோள மாவைக் கலக்கும் தீய வழக்கம் பற்றி உழவர்கள் முறையிட்டு வந்திருக்கிறார்கள். கலப்படத்தால் கிழங்கின் விலையும் சரிகிறது, ஊரின் நற்பெயரும் கெடுகிறது. 2023ஆம் ஆண்டில் 'சேலம் ஜவ்வரிசி' புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயரைக் காப்பது சட்டத்தின் கடமை மட்டுமன்று. ஒவ்வோர் ஆலையின் கடமையுமாகும்.

ஆராய்ச்சியும் தொழிலுக்கு அரண்

2020ஆம் ஆண்டையொட்டி மாவுப்பூச்சி பரவி மரவள்ளித் தோட்டங்களைத் தாக்கியது. மருந்து தெளித்தும் அது முற்றிலும் அடங்கவில்லை. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிவள நிறுவனத்தார் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து, அப்பூச்சியை அழிக்கும் நுண்ணிய குளவியைத் தருவித்தனர். 2022ஆம் ஆண்டில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் அதனை வெளியிட்டனர். ஆலையின் கழிவு நீரும் ஒரு காலத்தில் கிணறுகளைக் கெடுத்தது. இன்று பல ஆலைகள் அதிலிருந்தே எரிவாயு எடுத்துப் பயன்படுத்துகின்றன. ஆராய்ச்சி வயலுக்கும் ஆலைக்கும் வந்து சேரும்போதுதான் வேலைவாய்ப்பு காக்கப்படுகிறது.

புதிதாகத் தொடங்குவோருக்கு

ஜவ்வரிசித் தொழிலின் முன்னோடிகளுக்கு வழிகாட்ட ஓர் அலுவலகம் இருந்ததில்லை. இன்றைய இளைஞருக்கு அந்நிலை இல்லை. முதலீட்டுக் கடனுக்கென 1949ஆம் ஆண்டிலேயே தொழில் முதலீட்டுக் கழகம் நம் மாநிலத்தில் தோன்றியது. தொழிற்பேட்டைகளை அமைத்துப் பேண 1970ஆம் ஆண்டில் சிட்கோ நிறுவப்பட்டது. மாவட்டந்தோறும் வழிகாட்டுவதற்காக 1978ஆம் ஆண்டில் மாவட்டத் தொழில் மையத் திட்டம் வந்தது. 2012ஆம் ஆண்டில் தொடங்கிய 'நீட்ஸ்' திட்டம், பட்டம், பட்டயம், தொழிற்பயிற்சி பெற்றோர்க்குப் பயிற்சியும் 25 விழுக்காடு முதலீட்டு மானியமும் வட்டிச் சலுகையும் அளிக்க வகை செய்தது. 2023ஆம் ஆண்டின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், ஆதி திராவிடர், பழங்குடியினருக்கு 35 விழுக்காடு மானியத்திற்கு வழி வகுத்தது.

மானியம் என்றதும் கையில் வரும் இனாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். இது தவறு. ஒரு கணக்கைப் பார்ப்போம். பாக்கு மட்டைத் தட்டு செய்யும் சிறு தொழிலுக்கு 4,00,000 ரூபாய் வேண்டியிருப்பதாகவும், சொந்த முதல் 10 விழுக்காடு, மானியம் 25 விழுக்காடு என்றும் கொள்வோம். சொந்தப் பணம் 40,000 ரூபாய். வங்கிக் கடன் 3,60,000 ரூபாய். மானியமான 1,00,000 ரூபாய் கடனில் கழிந்தாலும், 2,60,000 ரூபாயைத் தொழில் ஈட்டித்தான் அடைக்க வேண்டும். தட்டு விற்கவில்லையெனில் இயந்திரம் துருப்பிடிக்கும், கடன் துருப்பிடிக்காது.

ஆகவே, விண்ணப்பம் எழுதுமுன் நான்கு வினாக்களை ஒருவர் தம்மையே கேட்டுக் கொள்ள வேண்டும். மூலப்பொருள் ஆண்டு முழுவதும் அருகில் கிடைக்குமா? செய்யும் வேலை தமக்குக் கைவந்ததா? வாங்குவோர் யார், எந்த ஊரில் இருக்கிறார்கள்? சரக்கு மூன்று மாதம் தேங்கினால் தாக்குப் பிடிக்க முடியுமா? இவற்றுக்கு விடை இருப்பின் மாவட்டத் தொழில் மையத்தின் வாயிலைத் தட்டலாம். விடை இல்லையெனில், கடன் கேட்கச் செல்லாமல் ஆலோசனை கேட்கச் செல்வதே அறிவுடைமை. ஒரே தொழிலைச் செய்வோர் ஊரில் பத்துப் பேர் இருப்பின், தனித்தனியே அலைவதை விட்டுச் சங்கமாகச் சேர்வது இன்னும் நன்று.

அரசு பாதையை அமைக்கலாம்; பள்ளத்தில் பாலம் கட்டலாம்; நடக்க வேண்டியவர் நாமே. கடனுக்காகத் தொழிலைத் தேடாமல், தொழிலுக்காகக் கடனைத் தேடும் இளைஞர்கள் ஊருக்கு நால்வர் தோன்றினால் போதும். நகரத்துக்குச் செல்லும் பேருந்தில் இடம் தேடி நிற்பவர்களில் பலர் தம் ஊரிலேயே வேலை பெறுவர்.