பற்கடி உணர்வும் பற்காப்புத் தகடும்

ஊற்றுணர்வு தோலுக்கே உரியதெனப் பலரும் கருதுவர். கல்லெனத் தோன்றும் பல்லினிடத்தும் அவ்வுணர்வு மிக நுண்ணிதாக அமைந்துள்ளது. சோற்றிற் கிடக்கும் சிறு மணலைக் கடித்த மாத்திரத்தே நாம் அறிந்துகொள்வது இதனாலன்றோ?

பல்லின் வேர் தாடையெலும்போடு நேரே ஒட்டியதன்று. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள நார்ப்படலம் ஒன்று உண்டு. அதிலுள்ள நரம்பு நுனிகள், பல்லின்மேல் விழும் அழுத்தத்தின் அளவையும் திசையையும் மூளைக்கு அறிவிக்கின்றன. மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே 0.02 மில்லிமீற்றர் தடிப்புள்ள மென்றகட்டை வைப்பினும் பலர் அதனை உணர்வர். பற்கள் எந்நிலையிற் பொருந்தும் என்பதனை மூளை பழக்கத்தால் அறிந்து, தாடைத் தசைகளை அவ்வழியே இயக்குகின்றது.

உறக்கத்திற் பற்களை நறநறவெனக் கடிப்போர்க்குப் பல்வைத்தியர் அக்கிரிலிக்குத் தகடு ஒன்றைச் செய்து கொடுப்பதுண்டு. இதனை இரவில் அணிந்து காலையிற் கழற்றுங்கால், பற்கள் முன்போலப் பொருந்தாது, ஒரு புறத்துப் பல்லே முந்தி முட்டுவதுபோலச் சிலர்க்குத் தோன்றும். காரணம் யாது? பற்கள் ஒன்றோடொன்று மோதாமையால் தசைகளின் பழைய இழுவை தளர்கின்றது. தாடையும் சிறிது இடம்மாறி நிற்கின்றது. மூளையோ தகட்டின் தளத்திற்குப் பழகிவிட்டது. படகினின்று இறங்கியவனுக்கு நிலம் சற்று நேரம் அசைவதுபோலத் தோன்றுவதை ஒத்தது இது. பெரும்பாலும் சிறிது நேரத்திற் பழைய பொருத்தம் மீளும்.

எனினும் யாவற்றையும் உணர்வுமயக்கமெனத் தள்ளலாகாது. சில பற்களை மட்டும் மூடும் தகட்டை நெடுங்காலம் ஓயாது அணியின், மூடப்படாத பற்கள் மெல்ல எழுந்து, கடி உண்மையாகவே மாறக்கூடும். ஆதலின், நாள் முழுதும் நீடிக்கும் மாற்றத்தைப் பல்வைத்தியருக்குக் காட்டல் வேண்டும்.

இனி, மூன்றாவது நிலையொன்றும் உண்டு. பொருத்தத்திற் குறையெதுவும் காணப்படாவிடினும், கடி பிழையென்ற உணர்வு சிலரை விடாது வருத்தும். இதனை 1976 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்வைத்திய அறிஞர் மார்பாக் என்பார் ‘மாயக்கடி’ எனப் பொருள்படும் பெயரால் விவரித்தார். இத்தகையோர் வைத்தியர் பலரை நாடிப் பற்களை மேலும் மேலும் அராவச் செய்வர். அராவப்பட்ட மிளிரி, அதாவது பல்லின் வன்மையான மேலுறை, மீண்டும் வளர்வதில்லை, வருத்தமும் தீர்வதில்லை.

நோயாளர் கூறுவதைப் பொய்யென இகழ்தல் தகாது. உணர்வு மெய்யே, அதன் பிறப்பிடம் பல்லாகவும் இருக்கலாம், தசையாகவும் மூளையாகவும் இருக்கலாம். எதுவென ஆராய்ந்து தெளியுமுன் அரத்தைக் கையிலெடாமையே அறிவுடைமையாம்.