சாத்தாங்காட்டிலிருந்து சைக்கிளில் கிளம்புறீங்களா? முதல்ல இதைப் படிங்க!

ஞாயிறு காலை நண்பர்களோடு சாத்தாங்காட்டிலிருந்து பழவேற்காடு வரை சைக்கிள் பயணமா? இரும்புச் சந்தையைச் சுற்றி டிரெய்லர் லாரிகள் ஓடும் பகுதி இது. கொஞ்சம் தயாராகிக் கிளம்பணும்.

டயர்: தார் ரோட்டில் காற்று இறுக்கமா இருக்கலாம். ஜல்லிப் பாதையில் அதே காற்று சறுக்கும். கொஞ்சம் குறைங்க, ஆனால், டயரில் எழுதியுள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே வேண்டாம். இரும்புத் துணுக்கு குத்தலாம். மாற்று டியூப், கைப்பம்பு அவசியம்.

வரிசை: ஒருவர் பின் ஒருவராகப் போங்க. முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கைகாட்டணும். அனுபவமுள்ளவர் கடைசியில் வரட்டும். ஜல்லியில் இடைவெளி கூடட்டும். முன் பிரேக்கை மட்டும் சட்டுனு பிடிக்காதீங்க.

லாரி: இடதுபக்கம் புகுந்து முந்தவே கூடாது. அங்கே இருப்பவர் டிரைவர் கண்ணில் படமாட்டார். லாரி இடதுபுறம் திரும்பினால் ஒதுங்க இடமே இருக்காது. ரெண்டு நிமிஷம் பின்னால் நின்றால் உயிர் மிஞ்சும்.

செல்போன்: லைவ் லொக்கேஷனை வீட்டுக்கு அனுப்பிடுங்க. விபத்து என்றால் 108. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மாநகராட்சி எல்லைக்குள் சாலைப் பள்ளம் கண்டால் 1913-க்குச் சொல்லுங்க. அடுத்து வருபவர் விழாமல் இருப்பார்.