பிரித்துப் பார்த்தால் தெரியும் விசை

நிலையியல் கணக்குகளில் மாணவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. அசையாமல் இருக்கும் அமைப்பு ஒன்றை முழுமையாக எடுத்துக்கொண்டு, மேல்நோக்கிய விசையும் கீழ்நோக்கிய விசையும் சமம் என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அது சரியே, ஆனால் போதாது. உறுப்புகள் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் விசைகள் சமமாகவும் எதிராகவும் இருப்பதால், மொத்தக் கணக்கில் அவை மறைந்துவிடுகின்றன. உறுப்பைத் தனியே பிரித்தால்தான் அவை வெளிப்படும்.

இதன் முக்கியத்துவத்தை ஒரு விபத்து காட்டும். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நகரில், ஹையட் ரீஜென்சி ஓட்டலின் பெரிய கூடத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு நடைபாலங்கள் தொங்கின. 1981 ஜூலை 17 மாலை, கூடத்தில் நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது இரண்டும் இடிந்து விழுந்தன. 114 பேர் இறந்தனர்.

முதல் வரைபடத்தில், கூரையிலிருந்து வரும் ஒரே எஃகுத் தண்டு மேல்பாலத்தின் உத்தரத்தைத் துளைத்துச் சென்று கீழ்ப்பாலம் வரை நீண்டது. ஒவ்வோர் உத்தரத்தின் அடியிலும் தண்டில் ஒரு நட்டு இருந்தது. கட்டும்போது வேலையை எளிதாக்க இதை மாற்றினார்கள். கூரைத் தண்டு மேல் உத்தரத்தோடு நின்றது. கீழ்ப்பாலம் வேறொரு தண்டினால் மேல் உத்தரத்திலிருந்தே தொங்கியது.

கணக்குக்காக, ஓரிடத்தில் ஒவ்வொரு பாலத்தின் பாரமும் 1,000 கிலோகிராம் எடை என்று கொள்வோம். முழு அமைப்பையும் பார்த்தால், இரு முறைகளிலும் கூரை தாங்குவது 2,000தான். வேறுபாடே தெரியவில்லை அல்லவா?

இப்போது மேல் உத்தரத்தை மட்டும் பிரித்தெடுப்போம். முதல் முறையில் அதன்மீது கீழ்நோக்கிச் செயல்படுவது அதன் சொந்தப் பாரமாகிய 1,000 மட்டுமே. எனவே நட்டு மேல்நோக்கித் தர வேண்டியதும் 1,000. கீழ்ப்பாலத்தின் பாரம் தண்டின் வழியே நேராகக் கூரைக்குப் போய்விடுகிறது. மாற்றிய முறையிலோ, கீழ்த்தண்டும் உத்தரத்தை 1,000 விசையுடன் கீழே இழுக்கிறது. ஆகவே அந்த ஒரு நட்டு 2,000 தாங்க வேண்டும். பாரம் இருமடங்காகிவிட்டது!

முதல் வரைபடப்படி கட்டியிருந்தாலும் அந்த இணைப்பு கட்டட விதிகள் கோரிய வலிமையைப் பெற்றிருக்காது என்று பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது. அத்தகைய இணைப்பின்மீதுதான் பாரம் இரட்டித்தது. உத்தரத்தின் அடிப்பகுதி கிழிய, நட்டு அதனூடே வெளியேறியது.

எனவே, எந்த இணைப்பின் விசை தேவையோ அங்கே மனத்தால் வெட்டுங்கள். பிரித்த உறுப்பைத் தனியே வரைந்து, அதைத் தொடும் ஒவ்வொன்றும் தரும் விசையையும் அதன் எடையையும் குறியுங்கள். பிறகு சமன்பாடு எழுதுங்கள்.

பயிற்சியாக, கீழ் உத்தரத்தைப் பிரித்துப் பாருங்கள். இரு முறைகளிலும் அதன் நட்டு தாங்குவது எவ்வளவு?