ஒரு கரத்தில் தீ, ஒரு கரத்தில் அபயம்

தென்காசி காசி விசுவநாதர் ஆலயத்தின் இராஜகோபுர வாயிலைக் கடந்தவர்கள் அங்கு வீசும் காற்றை மறந்திருக்க மாட்டார்கள். முதலில் அது நம்மை எதிர்த்துத் தள்ளும். சில அடிகள் நடந்ததும் முதுகைத் தாங்கி உள்ளே அழைத்துச் செல்லும். சாரல் காலத்தில் அந்தக் காற்றில் ஓர் அகல் விளக்கை அணையாமல் காப்பதே பெரும்பாடு. ஆனால், விளக்கை அணைக்கும் அதே காற்றுத்தான், பற்றிக்கொண்ட தீயை ஊதிப் பெருக்குவதும்.

15ஆம் நூற்றாண்டில் இத்திருக்கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டிய மன்னர், பிற்காலத்தில் இதற்கு ஊறு நேரக்கூடும் என்பதை உணர்ந்திருந்தார். இக்கோயிலைக் காத்துப் பேணுவோரின் திருவடிகளைத் தாம் பணிவதாகக் கல்வெட்டுப் பாடலில் பொறித்து வைத்தார். அவர் அஞ்சியது போலவே கோபுரம் சிதைந்து, பிளவுண்டு, நெடுங்காலம் நின்றது. ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுந்து அது குடமுழுக்குக் கண்டது 1990ஆம் ஆண்டில்தான். மன்னர் அன்று வணங்கியது நம்மையும் சேர்த்துத்தான் அல்லவா? அந்த வணக்கத்திற்கு நாம் தகுதியுடையவர்களாக இருக்கிறோமா?

அருகிலுள்ள குற்றாலத்தில், 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், குற்றாலநாதர் கோயிலை ஒட்டியிருந்த தற்காலிகக் கடைகள் தீக்கிரையாயின. ஓலையும் துணியும் நெகிழிப் பொருள்களும் நெருங்கியிருக்கும் இடத்தில் ஒரு பொறியே போதும்.

கற்கோயிலைத் தீ என்ன செய்யும் என்று எண்ணுவோரும் உண்டு. 2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் பற்றிய தீ அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. கடும் வெப்பத்தில் கல் வெடிக்கும். கல் வெடித்தால் அது தாங்கும் கூரையும் சரியும்.

மூத்த அன்பர்கள் பலருக்கு 1997 ஜூன் 7ஆம் நாள் நினைவிருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் குடமுழுக்கையொட்டி அமைத்த யாகசாலையின் கீற்றுப் பந்தலில் தீப்பற்றியது. நெரிசலில் சிக்கியவர்களும் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தரிசனத்திற்குச் சென்றவர்கள் வீடு திரும்பவில்லை.

செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் கொல்லம் மாவட்டம். அங்குள்ள பரவூர் புற்றிங்கல் தேவி கோயிலில், 2016 ஏப்ரல் 10ஆம் நாள் விடியற்காலையில் வாணவேடிக்கை நடந்துகொண்டிருந்தது. மாவட்ட நிர்வாகம் அதற்கு அனுமதி மறுத்திருந்தது. ஆயினும் வேடிக்கை நிற்கவில்லை. பறந்து வந்த ஒரு பொறி, வெடிகளைக் குவித்து வைத்திருந்த கட்டடத்தில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன.

வெடிமருந்தின் இயல்பை அறிந்தால் இந்தக் கொடுமையின் காரணம் விளங்கும். விறகு எரியக் காற்று வேண்டும். மூடி வைத்தால் அணைந்துவிடும். வெடிமருந்துக்கோ வெளிக்காற்றுத் தேவையில்லை. எரிவதற்கு வேண்டிய உயிர்வளி அதில் கலந்துள்ள வெடியுப்பிலேயே அடங்கியிருக்கிறது. மூடிய அறையில் அதைக் குவித்து வைத்தால், எழும் வாயு வெளியேற வழியின்றி அறையையே தகர்த்துவிடும். ஆகவே, சேமிக்கும் இடமும் கொளுத்தும் இடமும் ஒன்றையொன்று நெருங்கவே கூடாது.

ஊர்த் திருவிழாக் கூட்டங்களில் பெரியோர் சொல்லுக்கு இன்றும் மதிப்புண்டு. அங்கே நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். வாணவேடிக்கைக்கு முறையான அனுமதி உண்டா? உரிமம் பெற்றவர்தாம் வெடிகளைக் கையாள்கிறாரா? பந்தலிலிருந்தும் மக்களிடமிருந்தும் போதிய தொலைவு இருக்கிறதா? தீயணைப்பு வண்டி வரவும், கூட்டம் வெளியேறவும் வழி விட்டிருக்கிறார்களா? இவற்றுள் ஒன்றற்கேனும் தெளிவான விடை கிடைக்காவிடில், “வேடிக்கை வேண்டாம்” என்று சொல்லுங்கள். அதனால் இறைவனுக்கு எந்தக் குறையும் நேராது.

இல்லத்திலும் சில ஒழுங்குகள் வேண்டும். திருவிளக்கைத் திரைச்சீலைக்கும் காகிதத்திற்கும் எட்டவே வையுங்கள். எரியும் சுடருக்கு மேலாக எண்ணெய் ஊற்றாதீர்கள். முந்தானையைச் செருகிக்கொண்டு தீபாராதனை செய்யுங்கள். கார்த்திகை அகல்களை நடைபாதையில் வைக்க வேண்டா. தீபாவளியன்று பேரப்பிள்ளைகள் பருத்தி ஆடை அணிந்து, பெரியவர் ஒருவர் துணையுடன் திறந்த வெளியில் வெடிக்கட்டும். பக்கத்தில் ஒரு வாளி நீர் இருக்கட்டும். எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பை அதில் இடுங்கள். வெடிக்காத வெடியைக் குனிந்து பார்ப்பதோ மறுபடி கொளுத்துவதோ கூடாது. சற்றுப் பொறுத்து, எட்ட நின்று நீரூற்றுங்கள்.

ஆடையில் தீப்பற்றினால் ஓடலாகாது. ஓடினால் காற்றுப்பட்டுத் தீ வளரும். தரையில் படுத்து உருள வேண்டும். சுட்ட இடத்தில் இருபது நிமிடம் குளிர்ந்த குழாய்நீர் ஓடட்டும். மையோ மாவோ பற்பசையோ தடவாதீர்கள். தீயணைப்புக்கு 101, அவசர ஊர்திக்கு 108. இவ்விரு எண்களையும் தொலைபேசியருகே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்று குற்றாலத்துச் சித்திரசபை. அங்கே பெருமான் ஓவியமாய் ஆடுகிறான். அவனுடைய இடக்கரம் ஒன்று தீயை ஏந்துகிறது. வலக்கரம் ஒன்று “அஞ்சேல்” என்று அபயம் காட்டுகிறது. ஏந்திய கரத்தை விட்டு அத்தீ சிதறுவதில்லை. நாம் ஏற்றும் தீயும் நம் காவலுக்குள் நிற்கும்போதுதான் அது வழிபாடு. அந்தக் காவலை நமக்கு அருளுமாறு குற்றாலநாதரை வேண்டுவோம். நம் பங்குக்கு விழித்தும் இருப்போம்.